கரடியும் காவற்கருவியும்

காட்டு வழிச் செல்வோன் எதனைத் துணையாகக் கொண்டு செல்லல் வேண்டும் என்னும் வினா மிகப் பழையது. கல்லும் தடியும், வேலும் அம்பும் எனக் காலத்துக்குக் காலம் அதற்கு விடை மாறி வந்துள்ளது. துப்பாக்கி தோன்றிய பிறகு முடிந்த விடை கிடைத்துவிட்டதாகப் பலர் கருதினர். கரடியைப் பொறுத்தவரை அவ்விடை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பன ஆராய்ந்து அறியத் தக்கவை.

கோலாலம்பூரின் தென்கிழக்கே உள்ள செராஸ் வட்டாரம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடம். அடுக்குமாடி வீடுகளும் கடைத்தெருக்களும் நெருங்கிய அவ்விடத்தைக் கடந்து உலு லங்காட் சாலையிற் சென்றால், சிறிது நேரத்தில் மலைக்காடு எதிர்ப்படும். 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலைக்கு இளைஞர் பலர் இவ்வழியே செல்கின்றனர். அம்மலை, கரடி வாழும் தித்திவங்சா மலைத்தொடரைச் சேர்ந்தது. கரடி முதலிய விலங்குகளைக் காக்கும் கடமை பூண்ட வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையாகிய பெர்ஹிலித்தானின் தலைமையகமும் செராஸ் சாலையின் 10ஆம் கிலோமீட்டரிலேயே அமைந்துள்ளது. ஒரே சாலையில் ஒருபுறம் மலையேறச் செல்லும் மனிதர். மற்றொருபுறம் கரடிக்குக் காவலாக நிற்கும் அலுவலகம். இவ்விரு சாராரின் நலமும் ஒன்றுக்கொன்று முரணாதவாறு காப்பது எவ்வாறு என்பதே இப்பொருளின் உயிர்நிலை.

இலக்கியத்தில் எண்கு

சங்கப் புலவர்கள் கரடியை எண்கு என்றனர். அது இரவில் புற்றைப் பெயர்த்துக் கறையானின் கூடாகிய குரும்பியை உண்பதையும், இருப்பைப் பூவை விரும்பித் தின்பதையும் அகநானூற்றுப் பாடல்கள் பல கூறுகின்றன. இரவுக்குறிக்கு வரும் தலைவன் கடக்கும் மலைவழியில் எண்கு திரியுமே என்று தலைவியும் தோழியும் அஞ்சுவர். அவன் கையில் இருப்பதோ வேல் ஒன்றே. அவ்வேலினும் வலிய படையொன்று கொண்டு வருக என்று தோழி கூறுவதில்லை. அந்நேரத்தில் அவ்வழியே வாரற்க என்கிறாள். விரைவில் வரைந்து கொள்க என்கிறாள். படையை மாற்றுவதினும் வழியையும் பொழுதையும் மாற்றுவதே அறிவு என்னும் கருத்து இங்கே பொதிந்து கிடக்கிறது. இக்கால விலங்கியலார் நெடிய ஆய்வுக்குப் பின் கண்ட முடிவும் இதனோடு பெரிதும் ஒத்து நிற்பதைப் பின்னர்க் காணலாம்.

துப்பாக்கி என்னும் சொல் தமிழுக்குப் பிற்காலத்தில் வந்தது. துருக்கி மொழியின் சொல்லொன்று திரிந்து இவ்வடிவம் பெற்றது என்பர். திருக்குறளின் வான்சிறப்பில் வரும் 'துப்பாக்கி' இதுவன்று. அது 'உணவை உண்டாக்கி' எனப் பொருள்படும் தூய தமிழ்த் தொடர். வகுப்பில் இக்குறளைக் கேட்டவுடன் மாணவர் நகைப்பதை ஆசிரியர் பலர் அறிவர். மலாய் மொழியில் துப்பாக்கியைக் குறிக்கும் செனாப்பாங் என்னும் சொல்லும் டச்சு மொழியிலிருந்து வந்ததே. சொல் வெளியிலிருந்து வந்தது போலவே, கரடிக்கு எதிரே துப்பாக்கி ஏந்த வேண்டும் என்னும் எண்ணமும் பெரும்பாலும் பிற நாட்டுக் காடுகளிலிருந்து வந்ததாகும்.

கரடிகள் பலவகை

எந்தக் கருவி என்று வினவுமுன், எந்தக் கரடி என்று வினவுதல் வேண்டும். உலகில் இன்று வாழும் கரடி இனங்கள் எட்டு. அவற்றுள் துருவக் கரடியும் பழுப்புக் கரடியும் உருவத்தாற் பெரியவை. ஆண் துருவக் கரடி 500 கிலோவுக்கு மேலும் எடை கொள்ளும். அலாஸ்காவின் கடற்கரைப் பழுப்புக் கரடிகளிலும் அத்தகைய பேருருவங்கள் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அடர்மயிர்க் கரடி நடுத்தரமானது. அதன் ஆண் ஏறத்தாழ 80 முதல் 145 கிலோ வரை இருக்கும்.

மலேசியக் காடுகளில் வாழ்வது ஒரே இனம்தான். சூரியக் கரடி எனப்படும் அதனை மலாய்க்காரர் பெருவாங் மத்தாஹாரி என்பர். எட்டு இனங்களுள் மிகச் சிறியது இதுவே. இதன் எடை பெரும்பாலும் 25 முதல் 65 கிலோ வரை. நெஞ்சில் பிறைபோன்ற மஞ்சள் நிறத் தழும்பு உண்டு, அதுவே பெயர்க்காரணம். இவ்வினத்துக்கு அறிவியற் பெயரிட்டு 1821இல் விளக்கியவர், சிங்கப்பூரை நிறுவிய ஸ்டாம்போர்டு ராபிள்ஸ். சுமத்ராவில் ஆளுநராக இருந்த அவர், தம் இல்லத்தில் ஒரு குட்டியை வளர்த்தார். அது அவருடன் உணவு மேசையில் அமர்ந்து மங்குஸ்தான் பழம் தின்று ஷாம்பேன் மதுவும் பருகியதாக எழுதிவைத்துள்ளார்.

இக்குறிப்பைக் கண்டு, சூரியக் கரடி சாதுவான விலங்கு என்று கொள்ளல் ஆகாது. உடல் சிறிதாயினும் அதன் தாடை வலியது, கோரைப்பற்கள் நீண்டவை. தேனுக்காகவும் கறையானுக்காகவும் வன்மரத்தைப் பிளக்கும் நகங்கள் 10 சென்டிமீட்டர் வரை வளரும். கழுத்துத் தோல் தளர்ந்திருப்பதால், புலி கவ்வினாலும் உள்ளேயே திரும்பி எதிரியைக் கடிக்க வல்லது. மோப்பம் கூரியது, பார்வை அவ்வளவு கூரியதன்று. அதனாலேயே, எதிரே வரும் மனிதனைத் தொலைவிலேயே கண்டு விலகாமல், மிக நெருங்கிய பின்னர்த் திடுக்கிடுவதுண்டு. திடுக்கிட்ட கரடியும், குட்டியுடன் இருக்கும் தாய்க்கரடியுமே பெரும்பாலும் தாக்குவன. பால்மரம் வெட்டச் சென்றோரும் காட்டோரத் தோட்டக்காரரும் இவ்வாறு காயமுற்ற செய்திகள் இடையிடையே வருவதுண்டு. ஆயினும், மனிதனை இரையாகக் கருதித் தேடி வரும் இயல்பு இதற்கு இல்லை.

துப்பாக்கியின் அளவும் ஆற்றலும்

பெரிய கரடிகள் வாழும் நாடுகளிலேயே காவல் துப்பாக்கி பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது. அதனை அறிதற்குச் சில அடிப்படைகள் தேவை.

துப்பாக்கிகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, ஒரு கையால் ஏந்தும் ரிவால்வர், பிஸ்டல் ஆகிய கைத்துப்பாக்கி. இரண்டாவது, குழலின் உட்புறத்தில் திருகுவரி வெட்டப்பட்ட ரைபிள். அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது நெடுந்தொலைவு நேரே செல்லும். மூன்றாவது, வழுவழுப்பான உட்குழல் கொண்ட வேட்டைத் துப்பாக்கி. மலேசியாவில் இதன் மடக்கு வகையைச் செனாப்பாங் பாத்தா என்பர். இதில் சிறு ரவைகள் நிறைந்த தோட்டாவையும் இடலாம். ஒரே பெருங்குண்டு கொண்ட தோட்டாவையும் இடலாம்.

12 போர் என்று சொல்லப்படும் அளவின் பொருள் பலருக்கு விளங்குவதில்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஓர் உருண்டை சரியாகப் பொருந்தும் குழலே 12 போர்க் குழல். ஆதலின் போர் எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். ரைபிளையும் கைத்துப்பாக்கியையும் இவ்வாறு அளப்பதில்லை. அவற்றின் குழல் விட்டத்தை அங்குலத்தின் பின்னமாகவோ மில்லிமீட்டராகவோ கூறுவர். .375 என்றால், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 375 பங்கு. அதாவது ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர்.

குண்டின் ஆற்றலை ஜூல் என்னும் அலகால் அளப்பர். காவலர் ஏந்தும் 9 மில்லிமீட்டர் பிஸ்டலின் குண்டு ஏறத்தாழ 500 ஜூல் ஆற்றலுடன் வெளிப்படும். .44 மாக்னம் என்னும் பெரிய ரிவால்வருக்கு ஏறத்தாழ 1,500; 12 போர்த் துப்பாக்கியின் ஒற்றைப் பெருங்குண்டுக்கு ஏறத்தாழ 3,200; .375 ரைபிளுக்கு 5,500க்கு மேல். இவ்வெண்களைக் கொண்டே துப்பாக்கியைத் தேர்ந்துவிடலாம் என்று தோன்றும். அது போதாது. குண்டு தடித்த தோலையும் கொழுப்பையும் வலிய எலும்பையும் துளைத்து உயிர்நிலையை அடைய வேண்டும். விரைந்து சென்றும் உடலின் மேற்பரப்பிலேயே சிதறிப்போகும் குண்டு, கரடியைக் கொல்லாது, கோபமூட்டும்.

1983இல் அமெரிக்க வனத்துறை அலாஸ்காவில் பணியாற்றும் தன் ஊழியர்களுக்காகவே இதனைச் சோதித்தது. கரடி பாய்ந்து வரும்போது சுடக்கூடிய 15 கஜத் தொலைவில் பல்வகைக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்தனர். .458, .375, .338 ஆகிய வலிய ரைபிள்களும், கனத்த குண்டு இட்ட .30-06 ரைபிளும் முன்னின்றன. கைத்துப்பாக்கிகள் வெகுவாகப் பின்தங்கின. அலாஸ்கா மாநில வேட்டை, மீன்வளத் துறையும் .300 மாக்னம் ரைபிளையோ, பெருங்குண்டு இட்ட 12 போர்த் துப்பாக்கியையோ பரிந்துரைத்தது; .44 மாக்னம் ரிவால்வர், பயிற்சியற்ற கையில் போதாமற் போகலாம் என்றும் எச்சரித்தது.

காலமும் கையும்

கருவியின் ஆற்றல் ஒரு பாதி; அதனை ஏந்துவோனின் திறம் மறு பாதி. பழுப்புக் கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வல்லது. அஃதாவது, நொடிக்கு 15 மீட்டர். 30 மீட்டர் தொலைவில் அது பாயத் தொடங்கினால், மனிதனுக்குக் கிடைக்கும் காலம் 2 நொடி. அதற்குள் தோளில் தொங்கும் துப்பாக்கியை எடுத்து, காவற்பூட்டை விலக்கி, குறிபார்த்து, விசையை இழுத்தல் வேண்டும். கரடியின் தலை ஓட்டத்தில் மேலும் கீழும் அசையும். சுடுவோன் கையும் நடுங்கும்.

வட துருவத்தை அடுத்த நார்வே நாட்டுத் தீவுக்கூட்டமாகிய ஸ்வால்பார்டில் இதற்குத் துயரம் தோய்ந்த சான்றொன்று உண்டு. அங்கே குடியிருப்புக்கு வெளியே செல்வோர், துருவக் கரடியை விரட்டும் கருவி கொண்டு செல்வது சட்டத்தின் கட்டளை. ரைபிளும் ஏந்திச் செல்வர். 2011 ஆகஸ்டு மாதத்தில், பிரிட்டனிலிருந்து சென்ற மாணவர் குழுவின் கூடாரத்துக்குள் துருவக் கரடி புகுந்தது. குழுத்தலைவர் பலமுறை விசையை இழுத்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை. பின்னரே கரடி சுட்டு வீழ்த்தப்பட்டது. அதற்குள் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார், நால்வர் காயமுற்றனர். துப்பாக்கி இருந்தது, ஆனால் வேண்டிய நொடியில் அது பயன்படவில்லை.

கரடித் தாக்குதலை நெடுங்காலம் ஆராய்ந்த டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய அறிஞர்கள், அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை துப்பாக்கியோடு தொடர்புற்ற 269 நிகழ்ச்சிகளைத் திரட்டி 2012இல் வெளியிட்டனர். கைத்துப்பாக்கி 84 விழுக்காட்டு நிகழ்ச்சிகளிலும், நீண்ட துப்பாக்கி 76 விழுக்காட்டு நிகழ்ச்சிகளிலும் கரடியைத் தடுத்தன. இது நன்றென்றே தோன்றும். ஆனால் மற்றொரு முடிவு வியப்பளித்தது. துப்பாக்கி வைத்திருந்தோருள், சுட்டவர்களும் சுடாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் காயமுற்றிருந்தனர். சுடக் காலம் போதாமை, கருவி சிக்கிக்கொள்ளுதல், காவற்பூட்டை விலக்க மறத்தல், குறி தவறுதல் ஆகியவை தோல்விக்குக் காரணங்களாயின.

இதே அறிஞர்கள் 2008இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டிருந்தனர். மிளகாயின் காரச்சத்தை மூடுபனிபோல் பீச்சும் கரடித் தெளிப்பான் பற்றியது அது. 1985 முதல் 2006 வரை நிகழ்ந்த 83 நிகழ்ச்சிகளில், நெருங்கிய கரடி மீது அதனைப் பயன்படுத்தியவர்களுள் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர். எஞ்சியோர் காயமும் சிறியதே. இரண்டு ஆய்வுகளின் நிகழ்ச்சிகளும் ஒரே தன்மையுடையன அல்ல. ஆதலின் எண்ணுக்கு எண் வைத்து ஒப்பிடல் பொருந்தாது. ஆயினும் ஓர் உண்மை தெளிவாகிறது. விரிந்து பரவும் மூடுபனிக்குக் கூரிய குறி வேண்டுவதில்லை. கலங்கிய கையும் அதனைப் பயன்படுத்த இயலும். காயமுற்ற கரடி புதரில் மறைந்து அடுத்து வருவோனைத் தாக்கும் தீமையும் இதில் இல்லை.

இந்தியக் காடுகளின் பாடம்

இனி, தமிழர் நெடுங்காலம் அறிந்த கரடியை நோக்கலாம். அடர்மயிர்க் கரடி, புலிக்கும் அஞ்சாது எதிர்த்து நிற்பது. திடுக்கிட்டால் மனிதனின் முகத்தையும் தலையையும் குறிவைத்துக் கிழிக்கும். பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன், 1957இல் வெளிவந்த தம் நூலில் மைசூர் நாட்டில் குறைந்தது 12 பேரைக் கொன்ற கரடி ஒன்றின் வரலாற்றைக் கூறியுள்ளார். வேட்டைக் கதைகளில் கரடி விடுவதும் உண்டு. எனினும் அடர்மயிர்க் கரடியின் கொடுமையைக் காட்டுவாசிகள் எவரும் மறுப்பதில்லை.

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களிலும், பொதிகை மலையடிவார ஊர்களிலும் கரடி நடமாட்டம் இன்றும் உண்டு. கோவிலில் புகுந்து விளக்கெண்ணெயைக் குடித்துச் செல்வதும் அங்கே அரிய செய்தியன்று. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையத்தை அடுத்து ஒரு கரடி மூவரைத் தாக்கிக் கொடுங்காயப்படுத்தியது. அதனை மயக்க ஊசி செலுத்திப் பிடித்தனர் வனத்துறையினர். மயக்க ஊசியும் ஒருவகைத் துப்பாக்கியால் செலுத்தப்படுவதே. ஆனால் மருந்து உடலிற் பரவி விலங்கு சாயச் சில நிமிடங்கள் ஆகும். அது பயிற்சி பெற்ற குழுவின் கருவி. வழிப்போக்கனைக் காக்கும் கருவியன்று.

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. தன்னையோ பிறரையோ காத்தற்பொருட்டு, நல்லெண்ணத்துடன் ஒரு விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் அது குற்றமாகாது என்று அதன் 11ஆம் பிரிவு கூறுகிறது. உடனே ஒரு வரம்பும் இடுகிறது: அச்சட்டத்துக்கு மாறான செயலில் ஈடுபட்டிருந்தவன் இவ்விலக்கின் நிழலில் ஒதுங்க முடியாது. கொல்லப்பட்ட விலங்கும் அரசுடைமை ஆகும். உயிர் காத்தலை அறமென ஏற்று, அதனைச் சாக்காக்கி வேட்டையாடுதலைத் தடுக்கும் நுட்பம் இச்சட்டத்தில் விளங்குகிறது.

மலேசியச் சட்டத்தின் வேலி

மலேசியாவில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தல் என்பது கடையிற் சென்று பொருள் தேர்வது போன்றதன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின்போது, உரிமமின்றித் துப்பாக்கி ஏந்துவோர்க்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தந்தது. அவசரகாலம் முடிந்த 1960ஆம் ஆண்டிலேயே படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, மாநிலக் காவல்துறைத் தலைவர் உரிமம் வழங்கினாலன்றித் தனியார் எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையை மேலும் கடுமையாக்கியது. உரிமமின்றி வைத்திருப்போர்க்கு 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. ஒருநாள் மலையேற்றத்துக்குக் காவலாக என்று கூறி உரிமம் பெற எதிர்பார்த்தல் வீண்.

இனி, கரடிக்கும் சட்டத்தின் காவல் உண்டு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படித் தீபகற்ப மலேசியாவில் சூரியக் கரடி முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அதனை வேட்டையாடுவதும் வைத்திருப்பதும் கடுங்குற்றம். 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் மேலும் கூட்டப்பட்டன. உலக அளவிலும் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாக இது பட்டியலிடப்பட்டுள்ளது. பித்தப்பைக்காக நிகழும் கள்ள வேட்டை, கம்பிக் கண்ணி, காடு சுருங்குதல் ஆகிய மூன்றும் இதன் பகைகள். மனிதன் கரடியால் அடையும் கேட்டினும், கரடி மனிதனால் அடையும் கேடு மிகப் பெரிது.

சட்டத்தை ஒதுக்கிவைத்து, கருவியை மட்டும் கருதினாலும் முடிவு மாறாது. 50 அல்லது 60 கிலோ எடையுள்ள சூரியக் கரடிக்கு 12 போர்த் துப்பாக்கியின் ஆற்றல் தேவைக்கு மேற்பட்டதே. இங்கே குறைவது ஆற்றலன்று, பார்வையும் காலமும். அடர்ந்த மழைக்காட்டில் பத்து மீட்டருக்கு அப்பால் இருப்பது பெரும்பாலும் புலப்படாது. பிரம்புக் கொடியும் முட்புதரும் நீண்ட குழலைத் திருப்பவிடா. இடைவிடா ஈரம் தோட்டாவையும் பொறியையும் கெடுக்கும். குழுவாகச் செல்லும்போது, பதற்றத்தில் சுட்ட குண்டு கரடியைத் தவறித் தோழனைத் தாக்கும் இடரும் உண்டு. அலாஸ்காவின் வெட்டவெளியிலேயே தடுமாறும் கருவி, நுவாங் மலைச்சரிவில் எவ்வளவு பயன்படும் என்பதை எளிதில் உணரலாம்.

இக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் பூர்வகுடியினரின் கருவியும் ஒரு பாடம் கற்பிக்கிறது. இப்போ மரத்தின் நச்சுப்பால் தோய்ந்த சிற்றம்பை ஊதும் சும்பித் என்னும் குழலைச் செமாய், தெமியார் மக்கள் ஏந்துவர். அது குரங்கையும் அணிலையும் மரத்திலிருந்து வீழ்த்தும் உணவுக்கருவி. பாயும் விலங்கை அந்நொடியே நிறுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. காட்டை நன்கு அறிந்தோரின் காவல், விலங்கின் வழியையும் பொழுதையும் அறிந்து ஒதுங்கும் அறிவிலேயே பெரிதும் அடங்கியிருந்தது.

வெள்ளைக்கார வேட்டைக்காரருள்ளும் இதனை உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். தோட்ட முதலாளியாக மலாயாவில் வாழ்ந்த தியோடர் ஹப்பேக், யானையும் காட்டெருதும் வேட்டையாடிய அனுபவத்தை 1905இல் நூலாக எழுதினார். அவரே பின்னாளில் வனவிலங்குகளின் காவலராக மாறினார். 1930இல் அமைந்த வனவிலங்கு ஆணையத்தின் பணியை ஏற்று, நாடெங்கும் சான்று திரட்டினார். அவர் இடைவிடாது வாதாடியதன் பயனாகப் பகாங், கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் பரந்து, 4,343 சதுர கிலோமீட்டர் கொண்ட தேசியப் பூங்கா 1939இல் முழுமை பெற்றது. இன்று தாமான் நெகாரா எனப்படுவது அதுவே. துப்பாக்கியின் ஆற்றலை நன்கறிந்த கையே அதற்கு வரம்பு கோலியது என்பது எண்ணத்தக்கது.

செய்யத் தக்கனவும் தகாதனவும்

ஆகவே, மலைக்குச் செல்வோன் தேர்ந்துகொள்ள வேண்டிய காவல்கள் எவை?

முதலாவது, கூட்டம். மூவர் நால்வராகப் பேசிக்கொண்டு செல்வோரைக் கரடி முன்னரே உணர்ந்து விலகிவிடும். காதிற் கருவி பொருத்தி இசை கேட்டுத் தனியே நடப்போர் தமக்குத் தாமே இடர் தேடுகின்றனர்.

இரண்டாவது, பொழுது. விடியற்காலையும் அந்தியும் இரவும் நெருக்கமான பாதைகளில் தவிர்க்கத் தக்கவை.

மூன்றாவது, குறி அறிதல். மரப்பட்டையில் நீண்ட நகக்கீறல், புதிதாக உடைக்கப்பட்ட கறையான் புற்று, பிளந்து கிடக்கும் மரக்கட்டை, மரக்கிளைகளை வளைத்து அமைத்த பரண்போன்ற படுக்கை ஆகியவை கரடி அண்மையில் உண்டு என்பதற்கு அடையாளங்கள். டுரியானும் அத்தியும் பழுக்கும் இடங்களில் கூடுதல் விழிப்பு வேண்டும்.

நான்காவது, உணவைப் பேணுதல். கூடாரத்துள் உணவு வைத்து உறங்குதலும், எச்சிலை வழியில் எறிதலும் கரடியை அழைப்பதற்கு ஒப்பாகும். ஒருமுறை மனித உணவைச் சுவைத்த கரடி மீண்டும் வரும். இறுதியில் அதன் உயிருக்கே அது உலை வைக்கும்.

கரடியைக் கண்டுவிட்டால் ஓடுதல் கூடாது. ஓட்டத்தில் மனிதன் அதற்கு இணையல்லன். முகத்தை அதன்பால் வைத்து, மெல்லப் பின்வாங்கி, அது செல்ல வழிவிடல் வேண்டும். குட்டியைக் கண்டால் அருகே தாய் உண்டென அறிக. பின்னங்காலில் எழுந்து நின்றால், அது பெரும்பாலும் மோப்பம் பிடித்து நிலைமையை அறிய முயல்வதே. பாய்ச்சல் எனத் தவறாக எண்ணி ஓடலாகாது. தாக்கியேவிட்டால், குப்புறப் படுத்து, இரு கைகளாலும் பிடரியையும் முகத்தையும் காத்தல் வேண்டும், முதுகுப்பையைக் கழற்றலாகாது. தாக்குதல் ஓயாது நீடிப்பின் தடியோ கல்லோ கிட்டியதைக் கொண்டு எதிர்த்துப் போராடுவதே இறுதி வழி.

ஊருக்குள் அல்லது தோட்டத்துக்குள் கரடி புகுந்தால், நாட்டுத் துப்பாக்கியும் கண்ணியும் தேடாமல் பெர்ஹிலித்தான் அலுவலர்க்குத் தெரிவித்தல் வேண்டும். கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டின் உட்பகுதியில் விடும் பயிற்சியும் அதிகாரமும் அவர்க்கே உண்டு. மிளகாய்த் தெளிப்பானும் பிற நாட்டில் நன்றென்று கேட்டவுடன் வாங்கி ஏந்தத் தக்கதன்று. அவ்வந்நாட்டுச் சட்டத்தை முன்னர் அறிந்து கொள்ளல் வேண்டும்.

வகுப்பறையில் ஒரு திருத்தம்

தொடக்கப்பள்ளி மாணவர் அனைவரும் இரு நண்பரும் கரடியும் என்னும் ஈசாப்புக் கதையை அறிவர். ஒருவன் மரத்தில் ஏறித் தப்புகிறான்; மற்றவன் பிணம்போற் கிடந்து தப்புகிறான். அக்கதையின் பொருள் நட்பின் இயல்பே. காட்டில் ஒழுகும் முறை அன்று. சூரியக் கரடி மரமேறுவதில் மிக வல்லது. அதன் உணவிலும் உறக்கத்திலும் ஒரு பகுதி மரத்தின் மேலேயே. ஆதலின் மரத்தில் ஏறினவன் அதன் வீட்டிற்குள் ஏறியவனே. பிணம்போற் கிடத்தலில் ஒரு பாதி உண்மை உண்டு: அஞ்சித் தாக்கும் கரடி, எதிர்ப்பு அடங்கியதும் விலகிச் செல்லக்கூடும். ஆனால் அது ஏமாறுவதனால் அன்று. கூரிய மோப்பமுடைய விலங்கு உயிருள்ளதையும் அற்றதையும் நன்கு பிரித்தறியும். ஆசிரியர் இக்கதையைக் கற்பிக்கும்போது இச்சிறு விளக்கத்தையும் சேர்த்துரைத்தல் நலம். பள்ளியிலிருந்து மலையுலா அழைத்துச் செல்லும் நாளில் அவ்விளக்கம் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

தொகுத்துக் கூறின், காவற்கருவியைத் தேர்தற்கு நான்கு வினாக்கள் உள்ளன: எதிர்ப்படுவது எந்தக் கரடி, எவ்வளவு அண்மையில், ஏந்துவது எத்தகைய கை, இடங்கொடுப்பது எந்தச் சட்டம். துருவப் பனிவெளியில் இந்நான்குக்கும் விடை, பயின்ற கையில் உள்ள வலிய ரைபிளாக இருக்கலாம். செராசிலிருந்து மலையேறச் செல்லும் இளைஞனுக்கு நான்கு விடைகளும் துப்பாக்கிக்கு எதிராகவே நிற்கின்றன. உரத்த பேச்சும், உடன்வரும் தோழரும், பொழுதறிந்த நடையும், விலங்கின் இயல்பறிந்த நெஞ்சும் அவனுக்குப் போதிய காவல். இவற்றுக்கு உரிமம் வேண்டுவதில்லை. ஈரத்தில் இவை கெடுவதும் இல்லை. வாரற்க என்று பொழுதையும் வழியையும் சுட்டிய சங்ககாலத் தோழியின் சொல், இன்றைய மலைவழிக்கும் பொருந்துவதாகவே உள்ளது.